உறுமல் பெட்டியில் உப்பு

பரமலிங்கம் பிஸ்கற் தகரப் பேணிக்குள் தலையை விட்டு ஒரு கம்பியை நக்கினார்.

"ஐயோ அண்ணை, கரண்ட்!" கிற்றார்காரன் சந்தியோகு கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தான்.

"ஒன்பது வோல்ற் பற்றரி. முசுறு எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்," என்ற பரமலிங்கம் பக்கத்துக் கம்பியையும் நக்கினார். பிறகு மூன்றாவதை.

"நான் பாண் வாங்கிக்கொண்டு வந்தனான்," என்றார் எமிலியானுஸ். "பசி எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

எமிலியானுஸ் பதினெட்டு வருடம் தீவுப் பகுதி பஸ்களில் டிக்கெற் கிழித்தவர். முதுகில் நோவு வந்து வேலையை விட்டார். வாயில் நோவு வரவில்லை. இப்போது பரமலிங்கத்தோடு திரிகிறார். பரமலிங்கம் தந்தித் திணைக்களத்தில் இருபத்திரண்டு வருடம் அறுந்த கம்பி தேடியவர். ஓய்வு பெற்ற பிறகும் தேடுவதை விடவில்லை. காணாமல் போன மாடு, வராமல் போன கடிதம், சொல்லாமல் போன மாப்பிள்ளை எல்லாவற்றையும் கம்பி தேடிய அதே முறையில்தான் தேடினார். ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை நடப்பது. அவ்வளவுதான் அவருடைய முறை.

சந்தியோகு வீட்டுச் சுவர் மணிக்கூட்டில் மணி இரண்டரை. ஐந்து பத்துக்கு ஊர்காவற்றுறையிலிருந்து பஸ். ஏழு மணிக்கு மண்கும்பான் வாசிகசாலையின் ஆண்டு விழா. முன்வரிசையில் கொழும்பு வானொலியிலிருந்து ஒருவர் வந்து உட்கார இருந்தார். சந்தியோகுவின் 'நீலத்திரை' இசைக்குழுவை வானொலியில் ஏற்றுவதா இல்லையா என்பது அவருடைய இரண்டு காதுகளின் பொறுப்பு.

அந்தக் காதுகளுக்காகச் செய்யப்பட்டதுதான் பேணி. கிற்றாரிலிருந்து வரும் வயர் இதற்குள் புகுந்து, ஒலிபெருக்கிக்குப் போகும். மேலே இருக்கும் பொத்தானைக் காலால் மிதித்தால், சாதுவாக ஒலிக்கிற கிற்றார் சிங்கமாக உறுமும். வெளிநாட்டு இசைத்தட்டுகளில் கேட்கிற உறுமல். 1975இல் வெளிநாட்டிலிருந்து அப்படிப்பட்ட சாமான் எதுவும் இறங்குவதில்லை. ஆகவே குழுவின் மின்சார வேலைக்காரன் நடராசா, செத்துப்போன இரண்டு றேடியோக்களின் வயிற்றைக் கிழித்து, ஒரு மரக்கட்டையில் பூட்டி, பிஸ்கற் பேணிக்குள் இறக்கி, கறுப்பு வர்ணம் அடித்துக் கொடுத்தான். ஊரெல்லாம் அதற்கு உறுமல் பெட்டி என்று பெயர்.

வீட்டில் பழகும்போது பெட்டி உறுமியது. வேலணையில் ஒரு கலியாண வீட்டு மேடையில் மீன் பொரித்தது. அதாவது, சந்தியோகு பொத்தானை மிதித்ததும் கொதிக்கிற எண்ணெயில் மீன் போட்ட சத்தம் வந்தது. மாப்பிள்ளையின் தகப்பன் குசினியை எட்டிப் பார்த்தார். அடுத்த நாள் காலையில் பெட்டி ஒழுங்காக உறுமியது. பிறகு மண்டைதீவில் விளையாட்டுக் கழகத்தின் விழா. திரும்பவும் மீன். திரும்பவும் அடுத்த நாள் சிங்கம்.

"இதில தேட என்ன இருக்கு அண்ணை?" என்றான் சந்தியோகு. "செய்தவனுக்குத்தான் பழுதாக்கவும் தெரியும்."

செய்தவன் வாசல் நிலையில் சாய்ந்து நின்றான். கையில் ஈயம் ஒட்டுகிற கோல். யாரும் இரு என்று சொல்லாததால் நடராசா இருக்கவில்லை.

"உவருக்கு என்னில கோவம்," என்றான் சந்தியோகு. "ஏன் எண்டு ஊருக்கே தெரியும்."

ஊருக்குத் தெரிந்தது இதுதான்: சந்தியோகுவின் மனைவி பரிமளம், நடராசாவின் சொந்த மாமன் மகள். வேலணைக்காரி. இரண்டு வீட்டாரும் நாள் பார்க்கிற அளவுக்கு வந்திருந்தபோது, எட்டு மாதத்துக்கு முன்பு, பரிமளம் சந்தியோகுவோடு பதிவுக் கந்தோருக்குப் போய்க் கையெழுத்து வைத்துவிட்டு ஊர்காவற்றுறைக்கு வந்துவிட்டாள். நடராசா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கிழமை வழக்கம்போல வயர்ச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு குழுவுக்கு வந்தான். அப்படி ஒரு மனிதன் வந்தால் மற்றவர்கள் எதையாவது நினைக்கத்தானே செய்வார்கள்.

"இண்டைக்கும் மீன் பொரிச்சால், மேடையில மைக்கைப் பிடிச்சு ஆர் பழுதாக்கினது எண்டு பேர் சொல்லுவன்," என்றான் சந்தியோகு. "தீவில ஒரு வீட்டுக்காரனும் பிறகு உவரிட்டை ஒரு றேடியோ குடுக்கமாட்டான்."

நடராசா ஈயக்கோலை மற்றக் கைக்கு மாற்றினான்.

"உப்பு," என்றார் பரமலிங்கம்.

"என்ன?"

"கம்பியெல்லாம் உப்பு. வெள்ளையாய்ப் பொருக்கு விட்டிருக்கு. உப்புத்தண்ணி பட்டால் இந்தக் கம்பியில போற கரண்ட் அந்தக் கம்பிக்குப் பாயும். மீன் பொரியும். காய்ஞ்சால் நிண்டுபோம்."

"கடற்கரை வீட்டில உப்பு இருக்கும்தானே. வாசலில நிண்டு துப்பினால் கடலில விழும்," என்றான் சந்தியோகு.

"எத்தினை நாள் பழகினனீர்?"

"பதினாறு நாள். உந்த வாசலிலதான்."

"எத்தினை நாள் மீன் பொரிச்சது?"

சந்தியோகு யோசித்தான். "ஒரு நாளும் இல்லை."

"அப்ப கடல் பதினாறு நாள் பேசாமல் கிடந்து, கச்சேரி அண்டைக்கு மட்டும் ஏறி வருதோ?"

"கச்சேரி அண்டைக்குத்தான் தம்பி சப்பாத்துப் போடுறவர்," என்றார் எமிலியானுஸ். "கால் வியர்த்து ஊறியிருக்கும். சப்பாத்தைக் கழட்டச் சொல்லுங்கோ அண்ணை, நக்கிப் பார்ப்பம்."

பரமலிங்கம் அதைக் கேட்காதவர்போல மூடியைத் திருப்பினார். நடுவில் பொத்தான், ஒரு பக்கத்தில் ஒரு குமிழ், மறுபக்கத்தில் சும்மா ஒரு ஓட்டை. சுண்டுவிரல் போகும்.

"இது என்னத்துக்கு?"

"இரண்டாவது குமிழுக்குத் துளைச்சது," என்றான் நடராசா முதல் தடவையாக வாய் திறந்து. "யாழ்ப்பாணம் முழுக்கத் தேடி ஒரு குமிழ்தான் கிடைச்சது."

பரமலிங்கம் மூடியின் உட்புறத்தை மூக்கருகே கொண்டுபோனார். இழுத்து மணந்தார். நடராசாவைப் பார்த்தார். நடராசா கடலைப் பார்த்தான்.

"தம்பி, உம்மட கடையை ஒருக்கால் பார்க்கலாமோ?"

நடராசாவின் கடை துறையடியில் இருந்தது. கதவைத் திறந்தால் மேசை. மேசையைத் தாண்டினால் சுவர். இடையில் பதினொரு றேடியோக்கள். எமிலியானுஸ் உள்ளே போக இடமில்லாமல் வாசலில் நின்று, "உள்ளுக்கை இடமிருக்கு, முன்னுக்குப் போங்கோ," என்று பழக்கத்தில் சொன்னார்.

பரமலிங்கம் மேசையில் தேடவில்லை. மேசைக்குக் கீழே ஆணியில் தொங்கிய துடைக்கிற துணிகளைத்தான் எடுத்தார். ஒன்று ஈயக்கரி. ஒன்று எண்ணெய். மூன்றாவது மஞ்சள் படிந்து, நன்றாக மணந்தது.

"சந்தனம்," என்றார்.

நடராசா ஒரு றேடியோவைத் தூக்கி மற்றதன்மேல் வைத்தான்.

"வேலணைக் கலியாணம் முடிஞ்சு பெட்டியைத் திறந்தனீர். உள்ளுக்கை ஒரு சந்தனப் பொட்டு இருந்தது. துடைச்சனீர். மண்டைதீவு முடிஞ்சு திறந்தனீர். திரும்பவும் பொட்டு. திரும்பவும் துடைச்சனீர். ஆருக்கும் சொல்லேல்லை."

"அந்த வீட்டில சந்தனம் வைக்கிறதுக்கு ஒராள்தான் இருக்குது," என்றான் நடராசா.

அது உண்மைதான். சந்தியோகு வேதக்காரன், கத்தோலிக்கன். அவனுடைய தாய் மதலேனம்மா நாள் தவறாமல் கோயிலுக்குப் போய்ப் பூசை காண்கிறவர். வீட்டு முன்சுவரில் மாதா படமும் அதற்குக் கீழே எண்ணெய் விளக்கும். புதுச் சாமான் எது வந்தாலும், தையல் மெசினோ சைக்கிளோ, சந்தனப் பொட்டு வைத்துத் தொடங்குகிற வழக்கத்தில் பிறந்து வளர்ந்தவள் அந்த வீட்டில் பரிமளம் ஒருத்திதான்.

"மூடியில வெளியால வைச்சால் மாமிக்காரி காணுவா," என்றார் எமிலியானுஸ். "அதுதான் உள்ளுக்கை வைச்சிருக்கிறாள். கெட்டிக்காரி. அரைச்ச ஈரம் கம்பியில பட்டு மீன் பொரிச்சிருக்கு. அண்ணை, கேஸ் முடிஞ்சுது. பாணைச் சாப்பிடுவம்."

"அதுதான் நானும் நினைச்சது," என்றான் நடராசா. "அவளுக்குச் சொல்லி நிப்பாட்டலாம் எண்டால், அவளோட நிண்டு கதைக்க எனக்கு ஏலாது. கதைச்சால் அதுக்கொரு கதை கட்டுவினம். பெட்டியை என்னோட வைச்சிருக்கலாம் எண்டால், வேலணையில பழுதான அண்டே சந்தியோகு பெட்டியைத் தன்ர வீட்டில கொண்டுபோய் வைச்சிட்டார்."

"சந்தியோகுக்குச் சொல்லியிருக்கலாமே," என்றார் பரமலிங்கம்.

"சொன்னால் தாய்க்குத் தெரியவரும். வந்து எட்டு மாதம். உள்ளுக்கை ஒளிச்சு வைக்கிறாள் எண்டால் எவ்வளவு பயந்து வைச்சிருப்பாள்? நான் சொல்லி அவள் அந்த வீட்டில பேச்சு வாங்க வேணுமோ?"

"சொல்லாட்டில் நீர் மைக்கில பேச்சு வாங்குவீர்."

"எனக்குக் கடை இருக்கு."

"நாளையிலிருந்து சுவர்தான் இருக்கும்," என்றார் எமிலியானுஸ்.

பரமலிங்கம் சந்தனத் துணியின் ஒரு மூலையை நாக்கில் வைத்தார். எமிலியானுஸ் வேறு பக்கம் திரும்பினார்.

"தம்பி, பெட்டி முழுக்க உப்பு," என்றார் பரமலிங்கம் துணியை மடித்துக்கொண்டே. "இதில துளி உப்பு இல்லை. நீர் ஒராளைக் காப்பாற்றினது சரி. சரியான ஆளைத்தான் காப்பாற்றினனீரோ தெரியேல்லை."

மணி மூன்றே முக்கால். மதலேனம்மா கோயிலுக்குப் போயிருந்தார். சந்தியோகு கிணற்றடியில் தலையில் வாளி வாளியாக ஊற்றிக்கொண்டிருந்தான். பரமலிங்கம் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு குசினி வாசலில் போய் நின்றார். பரிமளம் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை, சந்தனத்தை எந்தத் தண்ணி விட்டு அரைச்சனீர்?"

தேத்தண்ணி கோப்பைக்கு வெளியே போனது.

வைத்தாயா என்று கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பாள். எந்தத் தண்ணி என்று கேட்டதால், பதில் தானாக வந்தது.

"குடிக்கிற தண்ணி," என்றாள். "சாட்டி ஊர்க் கிணத்துத் தண்ணி. அந்தக் குடத்தில இருக்கிறது."

"வீட்டுக் கிணத்துத் தண்ணி இல்லையோ?"

"அது உவர்த் தண்ணி. அதில ஆரும் சந்தனம் அரைப்பினமோ?" சொல்லிவிட்டுத்தான் தான் என்ன சொல்கிறாள் என்பது அவளுக்கு விளங்கியது. குரல் இறங்கியது. "பாடப் போற அண்டைக்கு மட்டும்தான் வைக்கிறனான். மாமி கோயிலுக்குப் போன நேரத்தில. இவருக்கும் தெரியாது. மாமிக்குச் சொல்லிப்போடாதேங்கோ. அவ ஒண்டும் சொல்லமாட்டா. அதுதான் எனக்குப் பயம்."

"இண்டைக்கு வைச்சாச்சோ?"

"நீங்கள் இருக்கிறியள் எண்டு வைக்கேல்லை."

"வையும்."

"என்ன?"

"வழக்கமாய் வைக்கிற மாதிரியே. கெதியா."

பரிமளம் அரிசிப் பானைக்குப் பின்னால் கையை விட்டு ஒரு சிறு கல்லையும் சந்தனக்கட்டையையும் எடுத்தாள். குடத்துத் தண்ணீர் விட்டு உரைத்தாள். பரமலிங்கம் அதில் ஒரு துளியை நாக்கில் வைத்துப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவள் கண்ணை மூடி, பெட்டியின் நடு நெஞ்சில், கம்பிகள் கூடுகிற இடத்தில், பொட்டு வைத்தாள். ஈரம் பளபளத்தது. பரமலிங்கம் மூடியை அழுத்திப் பூட்டி முன்னறைக்குக் கொண்டுவந்தார்.

"தம்பி சந்தியோகு, துடைச்சுக்கொண்டு வாரும். ஒருக்கால் மிதிச்சுக் காட்டும்."

சந்தியோகு ஈரத் தலையோடு வந்து கிற்றாரை மாட்டி மிதித்தான். பெட்டி உறுமியது. மாதா படம் ஆணியில் ஆடியது. பக்கத்து வீட்டு ஆடு கட்டையைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது.

"வீட்டில எப்பவும் இப்பிடித்தான் அண்ணை," என்றான் சந்தியோகு சலிப்போடு. "உங்களுக்கு இப்பதான் விளங்குதோ?"

வெளியே வந்ததும் எமிலியானுஸ் பெருமூச்சு விட்டார். "அப்ப சந்தனம் குற்றவாளி இல்லை."

"ஈரமாய் இருக்கேக்கயே உறுமுது. இல்லை."

"ஒரு மணித்தியாலம் பிழையான பஸ்ஸில வந்திருக்கிறம். இப்ப உப்புக்காரனை எங்க பிடிக்கிறது?"

"இந்த வீட்டிலதான். பெட்டி இஞ்ச இருந்துதான் போகுது. கச்சேரி அண்டைக்கு மட்டும், போறதுக்குக் கொஞ்சம் முந்தி, ஆரோ அந்த ஓட்டைக்குள்ளால உப்புத்தண்ணி விடுகினம்."

எமிலியானுஸ் குரலைத் தாழ்த்தினார். "சந்தியோகுதான் அண்ணை. பெஞ்சாதியின்ர பழைய மாப்பிள்ளை ஒவ்வொரு நாளும் வீட்டு வாசலில வந்து நிண்டால் எவன் பொறுப்பான்? தானே பழுதாக்கி, பழியை அவனில போட்டு, அனுப்புறான். வானொலிக்காரன் முன்னாலயும் மீன் பொரிப்பானோ எண்டதுதான் எனக்கு விளங்கேல்லை."

"இருக்கலாம்," என்றார் பரமலிங்கம். "உம்மட காதில இருக்கிற பென்சிலைத் தாரும்."

வேலையை விட்டு மூன்று வருடமாகியும் எமிலியானுஸ் காதிலிருந்து பென்சிலை எடுக்கவில்லை. சாதாரணப் பென்சில் அல்ல. காய்ந்திருக்கும்வரை கறுப்பு, ஈரம் பட்டால் ஊதா, பட்ட ஊதா நாலு நாளைக்குப் போகாது. டிக்கெற்றில் எழுதியதை யாரும் அழித்துவிடாமல் இருக்கக் கொடுத்தது.

"பதினெட்டு வருசம் என்ர நாக்கு கத்தரிக்காய் நிறத்தில இருந்தது," என்றார் எமிலியானுஸ் கொடுத்துக்கொண்டே. "சுவாமியார் நற்கருணை தரேக்க ஒவ்வொரு ஞாயிறும் பயந்தவர்."

பரமலிங்கம் பிளேடால் பென்சிலின் நெஞ்சைச் சுரண்டி மாவாக்கினார். ஓட்டைக்குக் கீழே உட்புறமாக ஒரு துண்டுக் கடதாசியை ஒட்டி அதில் கொஞ்சம் தூவினார். உள்ளே போகிற எந்தத் தண்ணீரும் இந்த முறை கம்பிக்குப் போகாமல் கடதாசியில் தங்கும். மிச்சத்தை மூடியின் மேல், ஓட்டையைச் சுற்றித் தடவினார். கறுப்பு வர்ணத்தில் கறுப்புத் தூள். கண்ணுக்குத் தெரியவில்லை.

பெட்டியை முன்னறை மேசையில் வைத்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கிற குரலில், "பெட்டியில ஒரு பிழையும் இல்லை. நான் தேத்தண்ணிக் கடைக்குப் போறன்," என்றார்.

கடை எதிரே இருந்தது. அங்கிருந்து வீட்டு வாசல் தெரியும், முன்னறை தெரியாது. இருவரும் ஆளுக்கொரு தேத்தண்ணியோடு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலேகாலுக்கு மதலேனம்மா கோயிலிலிருந்து வந்து உள்ளே போனார். நடராசா வயர்ச் சுருளை எடுக்க உள்ளே போனான், வந்தான். சந்தியோகு மேளக்காரர்களோடு ஒலிபெருக்கியைத் தூக்கிக்கொண்டு பஸ் தரிப்புக்குப் போனான், தனியே திரும்பி உள்ளே போனான், நெடுநேரம் வரவில்லை.

"பாருங்கோ," என்றார் எமிலியானுஸ். "நான் சொன்னனானோ இல்லையோ?"

சந்தியோகு தலைமுடியை ஒரு பக்கமாக ஏற்றிச் சீவி, பூப்போட்ட சட்டையோடு வெளியே வந்தான்.

"தலை சீவினவர்," என்றார் பரமலிங்கம்.

"உப்புத்தண்ணி விட்டுப்போட்டும் தலை சீவலாம்."

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் பரமலிங்கம் வீட்டுக்குள் போனார். எல்லோரும் முன்னறையில் நின்றார்கள். சந்தியோகு பெட்டியைத் தூக்கக் கையை நீட்டினான்.

"பொறும்," என்றார் பரமலிங்கம். பேணியின் மூடியை மெல்லக் கிளப்பி, உள்ளே ஒட்டியிருந்த கடதாசியை உரித்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

நடுவில், ஒரு செம்பருத்திப் பூ அளவுக்கு, ஊதா.

"தண்ணி விட்டிருக்கு," என்றார். "பென்சில் தூளில. விட்டவரின்ர கையிலயும் இது இருக்கும். எல்லாரும் கையைக் காட்டுங்கோ."

"பள்ளிக்கூடமோ இது?" என்று சந்தியோகு சீறினான். ஆனாலும் காட்டினான். தலைக்கு வைத்த எண்ணெய் மினுங்கியது. ஊதா இல்லை. எமிலியானுஸ் இரண்டாம் முறையும் பார்த்தார். இல்லை.

நடராசா காட்டினான். ஈயம் சுட்ட தழும்புகள். ஊதா இல்லை.

பரிமளம் காட்டினாள். விரல் நுனியில் மஞ்சள். பரமலிங்கம் பார்க்காதவர்போலத் தாண்டிப் போனார்.

"அண்ணை, ஆக்கள் முடிஞ்சுது," என்றார் எமிலியானுஸ். "இனி உங்கட கையும் என்ர கையும்தான்."

"இன்னும் ஒராள் இருக்கிறா. அம்மா, நீங்கள்?"

மதலேனம்மா மாதா படத்துக்குக் கீழே நின்றார். இடது கையில் பயணத்துக்குக் கடதாசியில் கட்டிய வாழைப்பழச் சரை. வலது கை சேலைத் தலைப்புக்குள் இருந்தது. அவர் அதைச் சாவதானமாக வெளியே எடுத்தார்.

பெருவிரல் முழுவதும் ஊதா.

"கழுவிப் பார்த்தனான்," என்றார். "கழுவக் கழுவக் கூடுது."

"கொண்டக்ரர் வேலைக்குச் சேர்ந்ததுபோலக் கிடக்கு," என்றார் எமிலியானுஸ்.

"அம்மா! நீங்களோ?" சந்தியோகு கதிரையைப் பிடித்துக்கொண்டான்.

"மூண்டு சொட்டுத்தான் விட்டனான். பிதா, சுதன், பரிசுத்த ஆவி எண்டு. பிறகு மேலால பெருவிரலால ஒரு சிலுவை போட்டனான். நீ பாடப் போற அண்டைக்கு மட்டும்தான். வீட்டில பழகேக்க என்ன காவல்? வீட்டில மாதா இருக்கிறா."

"எந்தத் தண்ணி அம்மா?" என்றார் பரமலிங்கம்.

"கோயில் தீர்த்தம்."

எமிலியானுஸ் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அண்ணை, நான் ஒன்பது வருசம் பூசைக்கு உதவின பெடியன். எனக்கு முதலே ஓடியிருக்க வேணும். எங்கட சுவாமியார் பழைய ஆள். தீர்த்தம் மந்திரிக்கேக்க உப்பைத்தான் முதல் மந்திரிக்கிறவர். கைநிறைய அள்ளித்தான் போடுறவர். நான்தான் உப்புத் தட்டைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறனான்."

பரமலிங்கம் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டு அரக்கை எடுத்தார். நெருப்புக்குச்சி கொளுத்தி உருக்கி, மூடியிலிருந்த ஓட்டையை அடைத்தார். ஊதினார். விரலால் தட்டிப் பார்த்தார்.

"இனி மழையே பெய்தாலும் உறுமும்," என்றார்.

சந்தியோகு நடராசாவைப் பார்த்தான். மூடியை எடுத்துத் துடைத்தான். ஏற்கெனவே துடைத்திருந்தது.

"நடராசா."

"பஸ் வரப்போகுது," என்றான் நடராசா.

"வரட்டும். மைக்கில ஒரு பேர் சொல்லுவன் எண்டனான். சொல்லத்தான் போறன். முதல் பாட்டுக்கு முந்தி. பெட்டியைச் செய்தது ஆர் எண்டு." அவன் மூடியைப் பேணியில் வைக்கப் போனான். "நீர் மேடையில என்னோட நிக்க வேணும். கீழ இல்லை."

நடராசா வயர்ச் சுருளைத் தோளில் ஏற்றினான். "சப்பாத்துப் போட்டு மிதிச்சால் பொத்தான் உடைஞ்சுபோம். வெறுங்காலால மிதியும்," என்றான். அவர்கள் எட்டு மாதமாக இவ்வளவு பேசிக்கொண்டதில்லை.

அப்போதுதான் சந்தியோகுவின் கை மூடியோடு நடுவழியில் நின்றது. திறந்திருந்த பேணிக்குள், கம்பிகள் கூடுகிற இடத்தில், எல்லோர் கண்ணுக்கும் முன்னால், ஒரு சந்தனப் பொட்டு.

சந்தியோகு அதைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான். அவள் பார்த்தது மாமியை.

"மாமி, நான்…"

"முதல் நாளே மணந்தது," என்றார் மதலேனம்மா. "ஓட்டைக்குள்ளால. நான் சொட்டு விடக் குனிஞ்சன், சந்தன மணம் வந்தது. நீ சொல்லாமல் வைச்சனி. நானும் சொல்லாமல் என்ர சொட்டை விட்டனான். இரண்டு பக்கத்துச் சாமியும் பார்த்துக்கொள்ளட்டும் எண்டு."

"உங்களுக்குக் கோவம் இல்லையோ மாமி?"

மதலேனம்மா வாழைப்பழச் சரையை நடராசாவின் கையில் கொடுத்தார். பிறகு மருமகளின் பக்கம் திரும்பினார்.

"நீ வந்த புதுசில, அரிசிப் பானைக்குப் பின்னால ஒரு சந்தனக்கட்டையும் கல்லும் கண்டெடுத்தனியே. முந்தி இருந்த ஆக்கள் மறந்து விட்டிட்டுப் போனது எண்டுதானே நினைச்சாய்? எனக்கு முந்தி இந்த வீட்டில இருந்தது என்ர மாமி. அவவும் வேதக்காரி."

பரிமளத்தின் கண் குசினிப் பக்கம் போனது.

"குறிகட்டுவானுக்குப் போய், லோஞ்ச் ஏறிக் கடல் தாண்டி, நயினாதீவில அம்மன் கோயில் வாசல் கடையில வாங்கினனான். கழுத்தில செபமாலையைக் கண்டிட்டுக் கடைக்காரன் கேட்டான், 'இது ஆருக்கம்மா?' எண்டு. மகளுக்கு எண்டனான்."